காசில் எண் இல்லை!

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க, நம் ஊர் அப்பா போகிறார். ஒரு சோப்பு வாங்கலாம் என்று தனியாகக் கடைக்குப் புறப்படுகிறார். இங்கே 30 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவராகவே இருக்கட்டும். அங்கே 2 நிமிடத்தில் திணறிப்போவார்!

சோப்பின் விலை 1 டாலர் 99 சென்ட். 100 சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர். அப்பா 2 டாலரை நீட்டுகிறார். ஒரு சென்ட் மீதி வரும் என்று நிற்கிறார்.

"இன்னும் 15 சென்ட் கொடுங்கள்" என்கிறாள் கடைப் பெண்!

ஏன்? விற்பனை வரி! நம் நாட்டில் உறையில் அச்சிட்ட விலையிலேயே வரியும் அடங்கிவிடும். அங்கே பணம் வாங்கும்போதுதான் வரியைச் சேர்ப்பார்கள். ஊருக்கு ஊர் வரி மாறும். 8 சதவீத வரி உள்ள ஊரில் அந்தச் சோப்பு 2 டாலர் 15 சென்ட். ஓரிகன், டெலாவேர் போன்ற சில மாநிலங்களில் இந்த வரியே இல்லை. அங்கே மகன் இருந்தால் அப்பா தப்பித்தார்!

டைம் என்றால் நேரம் அல்ல!

15 சென்ட்தானே? பையில்தான் காசு இருக்கிறதே, எடுத்துக் கொடுத்தால் என்ன?

அங்கேதான் வில்லங்கம்! அன்றாடம் புழங்கும் காசுகள் 4 வகை: 1 சென்ட், 5 சென்ட், 10 சென்ட், 25 சென்ட். எதிலும் மதிப்பு எண்ணில் இல்லை. எண்ணில் இருப்பது பெரும்பாலும் ஆண்டு மட்டுமே. 25 சென்ட் காசில் "கால் டாலர்" என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். 10 சென்ட் காசில் "ஒரு டைம்" என்று இருக்கும். டைம் என்றால் நேரம் அல்ல! பத்தில் ஒரு பங்கு என்று பொருள். தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அதுவும் தலைகீழ்! 10 சென்ட் காசுதான் நாலிலும் சிறியது. ஒரு சென்ட் காசுகூட அதைவிடப் பெரியது! 5 சென்ட் காசோ, எடையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இதற்குக் காரணம் வெள்ளி. 1964 வரை 10 சென்ட் காசை வெள்ளியில் அடித்தார்கள். வெள்ளி விலை உயர்ந்தது, காசு சிறுத்தது. 5 சென்ட் காசு 1866 முதல் செம்பும் நிக்கலும் கலந்தது. மலிவான உலோகம், பெரிதாக அடித்தார்கள். பிறகு வெள்ளி போய்விட்டது. சிறிய உருவம் மட்டும் தங்கிவிட்டது!

நம் பழைய ஓரணாவின் ஓரம் வளைவு வளைவாக இருந்தது. இரண்டணா சதுரமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

அழுக்குத் துணி

மாணவர்கள் படும் பாடு வேறு. பல அடுக்குமாடிக் கட்டடங்களில் வீட்டுக்கு வீடு சலவை இயந்திரம் கிடையாது. கீழே ஒரு பொது அறை. அதில் வரிசையாக இயந்திரங்கள். கார்டைக் காட்டினால் ஓடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் கால் டாலர் காசை மட்டும் விழுங்கும் பழைய இயந்திரங்கள் இன்னும் நிறைய உண்டு. கையில் 10 சென்ட் காசு 50 இருந்தாலும் அதனிடம் செல்லாது! துவைக்க ஒரு பிடி காசு. உலர்த்த இன்னொரு பிடி.

ஞாயிற்றுக்கிழமை இரவு. காலையில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. இருக்கிற ஒரே நல்ல சட்டை அழுக்காகக் கிடக்கிறது. 3 காசு குறைகிறது! வங்கி திறக்க மறுநாள் ஆகும். கடையில் சும்மா சில்லறை கேட்டால் கையை விரிப்பார்கள். என்ன செய்வது? வேண்டாத மிட்டாயை வாங்கி, 5 டாலர் நோட்டை நீட்டுகிறார் மாணவர். மீதியில் 3 கால் டாலர் வராதா என்று ஓர் ஆசை!

விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே வங்கிக்குப் போவார்கள். 10 டாலர் கொடுத்தால் 40 கால் டாலரைக் காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். அந்தச் சுருளை நகைபோல் பூட்டி வைப்பார்கள். அறைத் தோழன் கடன் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் காசாகவே திருப்பித் தர வேண்டும். நோட்டு வாங்கமாட்டார்கள்!

2020-ல் கொரோனா வந்தபோது நிலைமை மோசமாயிற்று. மக்கள் வெளியே போகவில்லை. காசுகள் வீட்டு ஜாடிகளில் முடங்கின. ஜூன் மாதம் வங்கிகளுக்கே காசை அளந்து கொடுத்தார்கள். "சரியான சில்லறை தரவும்" என்று கடைகளில் எழுதி ஒட்டினார்கள். நம் ஊர்க் கண்டக்டரின் குரல் அமெரிக்காவிலும் கேட்டது!

ஒரு சென்ட் காசின் கதை முடிந்துவிட்டது. 1793 முதல் அடித்த காசு அது. ஒன்றை அடிக்க 3 சென்டுக்கு மேல் செலவாயிற்று. கட்டுமா? 2025 நவம்பர் 12-ந் தேதி பிலடெல்பியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசிக் காசை அடித்தார்கள். பழைய காசுகள் இன்னும் செல்லும்.

சோப்பு வாங்கப்போன அப்பா என்ன செய்தார்? பின்னால் வரிசை நீள்கிறது. எல்லாரும் பார்க்கிறார்கள். முகம் வியர்க்கிறது. பையிலிருந்த காசு அத்தனையையும் உள்ளங்கையில் பரப்பி நீட்டிவிட்டார். கடைப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு காசைப் பொறுக்கி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மீதிக் காசை மேஜையில் கொட்டினார். 6 வயதுப் பேரனைக் கூப்பிட்டார்.

"வாடா கண்ணா, இதிலே டைம் எது? தாத்தாவுக்குச் சொல்லிக் கொடு!"