கரு என்னும் ஒரு சொல்

மருத்துவமனையில் 'நியூக்ளியர்' என்னும் சொல் எழுதிய பலகையைக் கண்டதும் உள்ளே செல்லத் தயங்கும் குடும்பத்தினர் நம்மிடையே உண்டு. அச்சொல் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் அவர்தம் நினைவுக்குக் கொணர்கின்றது. அவ்வச்சம் இயல்பானதே. ஆயினும், நோயுற்றவருக்கு வேண்டிய பரிசோதனை ஒரு சொல்லின் பொருட்டுத் தள்ளிப்போடப்படுமாயின், அச்சொல் யாது பொருள் தருகின்றது என ஆராய்வது நம் கடமையாகின்றது.

'நியூக்ளியஸ்' இலத்தீன் மொழியினின்று பிறந்த சொல். அம்மொழியில் 'நுக்ஸ்' என்றால் கொட்டை. அதன் உள்ளிருக்கும் பருப்பு 'நுக்ளேயுஸ்'. குருமடத்தில் இலத்தீன் பயின்ற நமக்கு இச்சொல் முதலில் நினைவூட்டுவது பருப்பையேயன்றி அணுகுண்டை அன்று. தமிழறிஞர் இதற்குக் 'கரு' என்னும் சொல்லைக் கையாண்டனர். முட்டையின் மஞ்சட்கரு, தாய் வயிற்றில் வளரும் கரு, கதையின் கரு, தொல்காப்பியர் கூறும் கருப்பொருள் எனப் பல பொருள்களை ஏற்கெனவே தாங்கி நின்ற சொல் அது.

அறிவியலில் இச்சொல்லை நிலைபெறச் செய்தவருள் முதன்மையானவர் ஸ்காட்லாந்து நாட்டுத் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன். 1831-ஆம் ஆண்டு, ஆர்க்கிட் செடிகளின் உயிரணுக்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்த அவர், ஒவ்வொன்றினுள்ளும் வட்டமான ஒரு பகுதி இருப்பதைக் கண்டு அதற்கு நியூக்ளியஸ் எனப் பெயரிட்டார். நம் உடலின் உயிரணுக்களிலும் இவ்வுட்கரு உண்டு. பெற்றோரிடமிருந்து நாம் பெறும் 46 குரோமோசோம்கள் அதனுள்ளேதான் அடங்கியுள்ளன.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 1911-இல், இயற்பியலறிஞர் ரூதர்போர்டு அணுவின் அமைப்பை விளக்கினார். அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அதன் நடுவே மிகச் சிறியதோர் இடத்தில் குவிந்துள்ளது என்பதே அவர் கண்ட உண்மை. அப்பகுதிக்கும் நியூக்ளியஸ் என்னும் பெயரே வழங்கலாயிற்று. உயிரணுவின் கரு வேறு. அணுவின் கரு வேறு. முன்னது கோடிக்கணக்கான அணுக்களால் ஆனது. பின்னது ஒவ்வோர் அணுவினுள்ளும் அடங்கியது.

அடுத்து நிகழ்ந்தது வியப்புக்குரியது. 1938-ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லின் நகரில் ஹான், ஸ்ட்ராஸ்மன் என்னும் இருவர் செய்த ஆய்வில், யுரேனியத்தின் அணுக்கரு இரண்டாகப் பிளவுறுவது வெளிப்பட்டது. அதன் உட்பொருளை விளக்கியவர்கள் லீசா மைட்னர் அம்மையாரும் அவர்தம் சகோதரியின் மகன் ஃபிரிஷ்ஷும் ஆவர். இதற்கு என்ன பெயரிடலாம் எனத் தேடிய ஃபிரிஷ், உயிரணு இரண்டாகப் பிரிந்து பெருகுவதை எவ்வாறு அழைப்பீர்கள் என உயிரியலார் ஒருவரை வினவினார். 'ஃபிஷன்', அதாவது பிளவு, என்பது விடை. 1939-இல் அச்சொல்லையே இருவரும் எடுத்தாண்டனர். உயிர் பெருகுவதைக் குறித்த சொல், 1945-இல் இரு நகரங்களை அழித்த ஆற்றலுக்கும் பெயராயிற்று.

பிற துறையினரும் இச்சொல்லைக் கையாள்வர். வால்வெள்ளியின் நடுவேயுள்ள, பனியும் தூசும் கலந்த பிண்டத்தை வானியலார் நியூக்ளியஸ் என்பர். 1986-இல் ஜியோட்டோ விண்கலம் படமெடுத்த ஹாலி வால்வெள்ளியின் கரு சுமார் 15 கிலோமீட்டர் நீளமுடையது. சமூகவியலாரோ தாய், தந்தை, மக்கள் மட்டும் கூடி வாழும் தனிக்குடும்பத்தை 'நியூக்ளியர் குடும்பம்' என்பர். அதில் கதிர்வீச்சு ஏதும் இல்லை என்பதை நாம் அறிவோம்!

இனி மருத்துவமனைக்கு வருவோம். எம்.ஆர்.ஐ. எனப்படும் பரிசோதனைக்கு அடிப்படையான அறிவியல் முறையின் பெயரிலும் 'நியூக்ளியர்' என்னும் சொல் உண்டு. நம் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப் புலத்திற்கு இணங்கி நடப்பதைக் கொண்டே படம் பெறப்படுகின்றது. மக்கள் அஞ்சுவதைக் கண்ட மருத்துவ உலகம் 1980-களில் அச்சொல்லை நீக்கிவிட்டது. இப்பரிசோதனையில் எக்ஸ் கதிரும் இல்லை, கதிரியக்கமும் இல்லை. ஆனால் அதன் காந்தம் பூமியின் காந்தப் புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது. ஆதலால் இதயத்தில் பேஸ்மேக்கர் கருவியோ, உடலில் உலோகத் துண்டோ உடையவர் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். அஞ்ச வேண்டாதவற்றிற்கு அஞ்சி, சொல்ல வேண்டியதைச் சொல்லாது விடுவதே ஆபத்து.

'நியூக்ளியர் மெடிசின்' என்பதோ கதிரியக்கப் பொருளை உண்மையாகவே பயன்படுத்தும் துறை. பெரும்பாலும் டெக்னீசியம் என்னும் பொருள் சிறிதளவு உடலுக்குள் செலுத்தப்படும். 6 மணி நேரத்திற்கொருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். எலும்பு, இதயம், தைராய்டு ஆகியவற்றின் நோய்களை அறிய அது உதவுகின்றது. தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றவர், சில நாள்கள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்குமாறு மருத்துவர் அறிவுறுத்துவர்.

பெண்களிடம் இத்துறையினர் முதலில் கேட்கும் கேள்வி, வயிற்றில் கரு உண்டோ என்பதே. நாணத்தினால் இதற்கு விடை கூறாது நிற்றல் ஆகாது. அணுக்கருவும் தாய் வயிற்றுக் கருவும் ஒரே பெயருடையன எனினும், ஒன்றினின்று வரும் கதிரிலிருந்து மற்றொன்றைக் காத்தல் நம் பொறுப்பு. பாலூட்டும் தாயரும் தம் நிலையைத் தெரிவித்தல் இன்றியமையாதது.

ஆகவே, அன்புள்ள பெற்றோரே, மருத்துவர் சீட்டில் இச்சொல்லைக் காணின் அஞ்சி வீடு திரும்ப வேண்டா. இப்பரிசோதனையில் பயன்படுவது காந்தமா, கதிரியக்கமா? எதற்காக இது தேவை? நாம் முன்னதாக அறிவிக்க வேண்டியது யாது? இம்மூன்றையும் தயங்காது கேளுங்கள். கிடைக்கும் விடையை வீட்டிலுள்ள முதியோருக்கும் எடுத்துரையுங்கள்.