பதில் வர ஓராண்டு

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பாய்மரக் கப்பலில் ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். கடிதமும் அதே கப்பலில்தான் போக வேண்டும். எழுதியதற்குப் பதில் கிடைக்க எட்டு மாதமாகும், ஓராண்டானாலும் வியப்பில்லை. பேரன் பிறந்த சேதி கேட்டுப் பாட்டி அனுப்பிய வாழ்த்து வந்து சேரும்போது அவன் தவழ்ந்துகொண்டிருப்பான். சில வீடுகளில் அவன் உயிரோடே இருக்கமாட்டான். தாய் மண்ணுக்குள் போன பிறகும் மகள் அவள் நலம் விசாரித்து எழுதிக்கொண்டிருப்பாள். கருப்புக் கரையிட்ட கடிதம் வந்தால், பிரிக்கும் முன்பே கை நடுங்கும்.

1840க்கு முன் பிரிட்டிஷ் தபாலில் தாள் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் ஏறியது. அதனால் பக்கம் நிரம்பியதும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக மறுபடி எழுதினார்கள். கல்யாணம், பிரசவம், மாவு விலை, மழை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். அடுத்தவர் காதுபட எல்லாத் துயரத்தையும் சொல்லிவிட முடியுமா?

சொல்லாமல் விட்டது நிறைய. மரப்பட்டைக் கூரையும் மண் பூசிய சுவருமான குடிசை. உப்பிட்ட இறைச்சி, சாம்பலில் சுட்ட ‘டாம்பர்’ ரொட்டி, தேநீர். ஈயும் தூசியும் கொண்டுவரும் கண்நோய். மருத்துவர் இருப்பதோ ஒரு நாள் குதிரைப் பயணத்துக்கு அப்பால். 1851 பிப்ரவரி 6 அன்று மூண்ட தீ விக்டோரியா பகுதியில் கால்வாசி நிலத்தைக் கருக்கியது. மறு ஆண்டு கண்டகாய் ஊரை வெள்ளம் அடித்துச் சென்றதில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே குடியேற வேண்டாமென்று விரட்ஜுரி பழங்குடியினர் முன்பே எச்சரித்திருந்தனர். நிலத்தை இழந்த அதே மக்களில் யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற இருவர் ஓடங்களில் சென்று அறுபதுக்கும் மேற்பட்டோரை மீட்டனர்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் அகஸ்டாவில் குடியேறிய ஜார்ஜியானா மொல்லாய் சொல்லத் துணிந்தவர்களில் ஒருவர். 1830இல் வந்திறங்கிய சில வாரங்களில் கூடாரத்திலேயே முதல் குழந்தையைப் பெற்றார். அது விரைவில் இறந்தது. அந்த வேதனையைத் தாயகத்துத் தோழிக்கு அவர் விரித்து எழுதியது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான், அதுவும் குழந்தையை இழந்திருந்த அவளைத் தேற்றுவதற்காக. 1837இல் சிறு குழந்தையாயிருந்த மகன் கிணற்றில் விழுந்து இறந்தான். லண்டனிலிருந்த கேப்டன் மாங்கிள்ஸ் கேட்டிருந்த காட்டுச்செடி விதைகளைப் பற்றி எழுதிய கடிதத்திலேயே அந்தச் சாவையும் எழுதினார். நேரில் பார்த்தேயிராத ஒருவரிடம் இப்படி மனம் திறந்திருப்பதிலிருந்தே அவருடைய தனிமையை ஊகிக்கலாம். 1843இல், 37 வயதில், பிரசவத்துக்குப் பின் நோயுற்று இறந்தார்.

பிரிந்த குடும்பங்களைச் சேர்க்க முயன்றவர் கரோலின் சிஷோம். கணவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றியபோது சென்னையில் படைவீரர்களின் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். 1838இல் ஆஸ்திரேலியா போனார். 1840களில் நியூ சவுத் வேல்ஸ் முழுக்கச் சுற்றி, குடியேறிகளின் வாழ்க்கையை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தார். 1846இல் லண்டன் திரும்பியவர், குடியேறிகள் ஊரில் விட்டுவந்திருந்த மனைவி மக்களை அவர்களிடம் அனுப்பிவைக்கும்படி அரசிடம் போராடினார். அவர் கொடுத்த கடிதங்களைச் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1850இல் தம் வார இதழில் வெளியிட்டார். குடியேற்றத்தை ஊக்குவிக்கவே அச்சேறியவை என்பதால், அவற்றில் தென்படும் உற்சாகத்தைச் சற்றுக் கழித்தே வாசிக்க வேண்டும்.

1850களில் நீராவிக் கப்பல் தபால் தொடங்கியது. பின்னர் இலங்கையின் காலித் துறைமுகத்தில் கப்பல் மாறி, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கடிதம் சேர்ந்தது. 1872இல் பிரிட்டனோடு தந்தித் தொடர்பு வந்தது; அதன் கடலடிக் கம்பி சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா வழியாக டார்வினை எட்டியது. ஆனால் சில சொற்களுக்கே கூலியாளின் பல வாரச் சம்பளம் போய்விடும். வணிகர்களும் பத்திரிகைகளும் தந்தியைப் பிடித்துக்கொள்ள, சாதாரண வீடுகளின் பிறப்பும் இறப்பும் இன்னும் பல்லாண்டு கப்பல் தபாலிலேயே பயணம் செய்தன.