ஒளிமின்முனைகளின் நிலைப்பும் ஆற்றல் பட்டைகளின் ஆர்பிட்டால் தன்மையும்

திறவுச்சொற்கள்: குறைக்கடத்தி, ஆற்றல் பட்டை, ஆர்பிட்டால், துளை, ஒளி அரிமானம்

முன்னுரை

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி), அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையையும் கொண்டு எழுந்தது. 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். காட்மியம் செலினைடு முதலிய குறைக்கடத்திகளை மின்படிவு முறையில் மென்படலங்களாக்கி ஒளிமின்வேதிக் கலங்களில் பயன்படுத்துதல் அங்கு நிகழ்ந்த ஆய்வுகளுள் ஒன்றாகும். இக்கலங்களுக்குரிய பொருளைத் தேர்கையில் ஆற்றல் இடைவெளியே முதலில் நோக்கப்படுகிறது. ஆயினும் பட்டை விளிம்புகள் எவ்வணுவின் எந்த ஆர்பிட்டாலிலிருந்து தோன்றுகின்றன என்பதும் அப்பொருளின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பட்டைகளின் பிறப்பிடம்

திண்மத்தில் அண்டை அணுக்களின் ஆர்பிட்டால்கள் மேற்பொருந்துவதால் தனித்தனி ஆற்றல் மட்டங்கள் பட்டைகளாக விரிகின்றன. ஒவ்வொரு பட்டையும் தன் மூல ஆர்பிட்டாலின் இயல்பைத் தக்கவைத்துக் கொள்கிறது. காட்மியம் சல்பைடில் இணைதிறன் பட்டையின் மேல்விளிம்பு பெரும்பாலும் கந்தகத்தின் 3பி ஆர்பிட்டாலாலும், கடத்தல் பட்டையின் கீழ்விளிம்பு பெரும்பாலும் காட்மியத்தின் 5எஸ் ஆர்பிட்டாலாலும் ஆனவை. கந்தகத்தின் இடத்தில் செலினியமும் டெலூரியமும் அமையும்போது பி ஆர்பிட்டாலின் ஆற்றல் உயர்கிறது. இணைதிறன் பட்டையின் விளிம்பும் உடன் உயர்கிறது. ஆற்றல் இடைவெளி முறையே ஏறத்தாழ 2.4, 1.7, 1.5 எலக்ட்ரான் வோல்ட் எனக் குறைவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஒளி அரிமானம்

1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் நீரை ஒளியால் பகுக்கப் பயன்படுத்திய டைட்டானியம் டைஆக்சைடில் இணைதிறன் பட்டை ஆக்சிஜனின் 2பி தன்மையும், கடத்தல் பட்டை டைட்டானியத்தின் 3டி தன்மையும் உடையவை. 2பி எலக்ட்ரான்கள் இறுகப் பிணைக்கப்பட்டவை. ஆதலால் அங்குத் தோன்றும் துளை நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது, பொருள் நிலைக்கிறது. ஆனால் இடைவெளி 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாததால் புற ஊதா ஒளியே பெரிதும் பயன்படுகிறது.

காட்மியம் சல்பைடு கண்ணுறு ஒளியையும் உட்கவர்கிறது. எனினும் அதன் துளை, காட்மியம்–கந்தகப் பிணைப்பைத் தாங்கும் எலக்ட்ரான் இருந்த இடமாகும். இரு துளைகள் சேர்ந்து ஒரு சல்பைடு அயனியைக் கந்தகமாக ஆக்ஸிஜனேற்றம் செய்ய, காட்மியம் அயனி கரைசலுக்குள் செல்கிறது. ஒளியைக் கவர உதவிய உயர்ந்த பி மட்டமே இவ்வாறு அழிவுக்கும் வழிகோலுகிறது. மின்பகுளியில் பாலிசல்பைடைச் சேர்த்தால் கரைசலிலுள்ள சல்பைடு அயனிகள் துளைகளை முந்திக்கொண்டு ஏற்கின்றன, அரிமானம் தணிகிறது. ஆனால் அக்கலம் மின்சாரம் தருமேயன்றி, நீரிலிருந்து ஆக்சிஜனை வெளிப்படுத்தாது.

மாலிப்டினம் டைசல்பைடு இதற்கு மாறானது. அதன் இடைவெளி ஏறத்தாழ 1.2 எலக்ட்ரான் வோல்ட்டே. ஆயினும் அதன் இணைதிறன் விளிம்பில் மாலிப்டினத்தின் 4டி தன்மை மேலோங்கியுள்ளது. பிணைப்பில் குறைவாகவே பங்குகொள்ளும் அம்மட்டத்தில் துளை தோன்றுவதால் பிணைப்பு எளிதில் முறிவதில்லை. 1970களில் ஹெல்முட் டிரிபுட்ஷ் இக்கருத்தை முன்வைத்தார். அரிமானம் இதனால் முற்றிலும் நீங்குவதில்லை, குறைகிறது.

முடிவுரை

உட்கவர் நிறமாலை இடைவெளியின் அளவைத் தருகிறது. துளை எவ்வணுவில் தங்கும் என்பதைத் தருவதில்லை. அதற்கு ஒளியெலக்ட்ரான் நிறமாலையும் அடர்த்திச் சார்பியக் கணக்கீடும் வேண்டும். புதிய ஒளிமின்முனைப் பொருளை மதிப்பிடுகையில் இவ்விரண்டையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாதது.