புறத்தமனி நோயில் குருதிச்சோகை

புறத்தமனி நோய் என்பது கால்களுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து, அவை குறுகுவதால் உண்டாகும் குருதியோட்டக் குறைபாடு ஆகும். கணுக்காலில் அளந்த குருதியழுத்தத்தை மேற்கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.90 அல்லது அதற்குக் குறைவாக இருப்பது இந்நோயின் அடையாளமாகும். இதனுடன் குருதிச்சோகையும் ஊட்டச்சத்துக் குறைபாடும் சேரும்போது கால் புண்கள் ஆறுவது தாமதமாகிறது. காலை அகற்ற நேரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆக்சிசன் வழங்கல்

திசுவுக்குக் கிடைக்கும் ஆக்சிசன், அங்கு பாயும் குருதியின் அளவையும் அக்குருதி சுமக்கும் ஆக்சிசனின் அளவையும் பெருக்கி வருவதாகும். ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீட்டர் ஆக்சிசனைச் சுமக்கும். ஆகவே 100 மில்லிலீட்டர் குருதியில் 15 கிராம் ஈமோகுளோபின் இருந்தால் ஏறத்தாழ 20 மில்லிலீட்டரும், 10 கிராம் இருந்தால் 13 மில்லிலீட்டரும் சுமக்கப்படும். நலமுள்ளவரின் உடல் குருதியோட்டத்தைக் கூட்டி இக்குறையை ஈடுசெய்துவிடும். அடைபட்ட தமனியால் அவ்வாறு செய்ய இயலாது. குருதியோட்டம் பாதியாகவும் ஈமோகுளோபின் மூன்றில் இரண்டாகவும் குறைந்தால், காலைச் சென்றடைவது மூன்றில் ஒரு பங்கு ஆக்சிசனே.

மறைந்திருக்கும் குறைபாடு

ஈமோகுளோபின் ஆண்களில் 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களில் 12 கிராமுக்கும் குறைவதை உலக சுகாதார அமைப்பு குருதிச்சோகை என வரையறுக்கிறது. ஆனால் இந்நோயாளரில் பலர் புகைபிடிப்பவர்கள். புகையிலுள்ள கார்பனோராக்சைடு ஈமோகுளோபினின் ஒரு பகுதியைப் பற்றிக்கொள்வதால், ஈடுசெய்ய உடல் அதனைக் கூடுதலாக உருவாக்குகிறது. சோதனை எண் சரியாகவே தோன்றும். மேலும், கெண்டைக்கால் வலியால் சிறிது தொலைவிலேயே நடையை நிறுத்திவிடுபவருக்கு, சோகையின் வழக்கமான அறிகுறியான மூச்சிரைப்பு வெளிப்படாமலே போகலாம்.

இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் சோதனையும் ஏமாற்றக்கூடும். ஆறாத புண்ணின் அழற்சியால் கல்லீரல் எப்சிடின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதோடு, உடலில் உள்ள இரும்பையும் உயிரணுக்களுக்குள் பூட்டிவைக்கிறது. அழற்சியில் பெரிட்டினும் உயர்வதால், டிரான்சுபெரின் நிறைவு விழுக்காட்டையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

பிற காரணங்கள்

குருதி உறையாதிருக்க இந்நோயாளர் உட்கொள்ளும் ஆசுப்பிரினால் இரைப்பையில் குருதிக்கசிவு ஏற்படலாம். நீரிழிவுக்கான மெட்பார்மினை நெடுநாள் உட்கொள்வோரிடம் உயிர்ச்சத்து பி12 குறையக்கூடும். சிறுநீரக நோயும் ஒரு காரணம்.

ஊட்டச்சத்து

புண் ஆறத் தேவையான கொலாசன் உருவாகப் புரதமும் உயிர்ச்சத்து சி-யும் வேண்டும்; துத்தநாகமும் புண் ஆறுவதில் பங்குபெறுகிறது. உணவுடன் தேநீர் அருந்துவது தாவர உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பி12, போலேட்டு குறைந்தால் குருதியில் ஓமோசிசுட்டீன் உயரும். அதைக் குறைத்தால் தமனிநோய் தணியும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்க்கப்பட்டது. 2006-இல் வெளியான பெரிய ஆய்வுகளில் அவ்வாறு நிகழவில்லை. எனவே இந்த உயிர்ச்சத்துகள் குறைபாடு உறுதியானவர்களுக்கு அக்குறையை நீக்கவே தரப்படுகின்றன, அடைப்பை நீக்க அல்ல.