ஹேங் ஆன போர்டுக்குள் எட்டிப் பார்க்க மூன்று ஒயர் போதும்!

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலைப் பக்கம் இருக்கிறது எங்கள் ஊர் பூலாம்பாடி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று எதைப் போட்டாலும் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் பாடு. கோடையில் கிணறு சீக்கிரம் வற்றிவிடும். அதைக் கவனிக்காமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் காயில் கருகிவிடும். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி ஆகி, காயில் கட்டி வருவதற்குள் வெங்காயப் பயிர் வாடிவிட்டது.

"கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதுக்கு ஒரு வழி பண்ணேன்" என்றார் அப்பா. நானும் ஒரு சிறிய பெட்டி செய்தேன். உள்ளே ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. கிணற்றுக்குள் இறக்கிய அழுத்த சென்சார் தரும் அளவை ஒரு ஏடிசி சிப் எண்ணாக மாற்றி, ஐ2சி என்ற இரண்டு ஒயர் இணைப்பு வழியாகப் பிக்கோவுக்கு அனுப்பும். தண்ணீர் குறைந்தால் பிக்கோ ஒரு ரிலேயை விடும், ஸ்டார்ட்டர் விழும், மோட்டார் நிற்கும். மேசையில் வைத்துப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது.

வயலில் பொருத்திய மூன்றாவது வாரம் அப்பாவிடமிருந்து போன். "ஏம்பா, உன் பெட்டி தூங்கிடுச்சு. பைப்புல காத்துதான் வருது, மோட்டார் பாட்டுக்கு ஓடுது."

நல்ல வேளை, அப்பா பக்கத்திலேயே இருந்ததால் மோட்டார் தப்பியது. ஆனால் போர்டு ஏன் ஹேங் ஆனது? கம்ப்யூட்டர் என்றால் திரையில் ஏதாவது பிழைச் செய்தி வரும். இதற்குத் திரை ஏது? இத்தகைய நேரத்தில் கைகொடுப்பதுதான் ஹார்டுவேர் டீபக்கர். அதை எப்படி இணைப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போமா?

பிரிண்ட் போட்டால் போதாதா?

புரோகிராமில் ஆங்காங்கே பிரிண்ட் கட்டளை போட்டு, சீரியல் போர்ட்டில் வருவதைப் படிப்பதே எல்லோரும் முதலில் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் இந்தக் கோளாறு சில வாரங்களுக்கு ஒருமுறைதான் வந்தது. அதுவரை வயலில் லேப்டாப்பைக் கட்டிப்போட முடியுமா? மேலும், எந்த இடத்தில் பிரிண்ட் போட வேண்டும் என்று தெரிந்தால் பாதிக் கோளாறு அப்போதே தீர்ந்துவிடும். தெரியாததுதானே பிரச்சினை!

ஹார்டுவேர் டீபக்கர் வேறு விதம். அது சிப்பின் கதவைத் தட்டி, "இப்போது எந்த வரியில் இருக்கிறாய்? உன் மெமரியில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும். உங்கள் புரோகிராம் முடங்கிக் கிடந்தாலும் சிப் பதில் சொல்லும். காரணம், இதற்கென்று சிப்புக்குள்ளேயே தனியாக ஒரு சுற்று இருக்கிறது.

கொஞ்சம் வரலாறு

போர்டில் சிப்புகள் சரியாகப் பற்றவைக்கப்பட்டுள்ளனவா என்று சோதிக்க 1980களில் உருவானது ஜேடேக் முறை. 1990ல் இது ஐஇஇஇ 1149.1 என்ற தரமாக வெளியானது. பின்னர் அதே வழியாகப் புரோகிராமையும் சோதிக்கத் தொடங்கினார்கள். ஜேடேக் முறைக்குக் குறைந்தது நான்கு சிக்னல் ஒயர்கள் வேண்டும். சிறிய சிப்புகளில் அத்தனை கால்களை ஒதுக்குவது வீண் என்பதால், ஆர்ம் நிறுவனம் இரண்டே ஒயரில் அதே வேலையைச் செய்யும் எஸ்டபிள்யூடி முறையைக் கொண்டுவந்தது. ஒன்று கடிகாரத் துடிப்புக்கு, மற்றொன்று தகவலுக்கு. இவற்றுடன் கிரவுண்ட் ஒயரையும் சேர்த்தால் மூன்று. அவ்வளவுதான்!

என்னென்ன தேவை?

1. சோதிக்க வேண்டிய பிக்கோ போர்டு. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் அறிமுகமானது. இதில் உள்ள ஆர்பி2040 சிப்பில் இரண்டு கார்டெக்ஸ் எம்0 பிளஸ் கோர்களும் 264 கேபி மெமரியும் உண்டு.

2. ஒரு டீபக்கர். இதற்கென்றே ராஸ்ப்பெர்ரி பை நிறுவனம் 2023ல் டீபக் புரோப் என்ற சிறிய கருவியை வெளியிட்டது. அதை வாங்காமல் இன்னொரு பிக்கோ போர்டையே டீபக்கராக மாற்றிக் கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

3. மூன்று ஜம்பர் ஒயர்கள். ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம்.

4. கம்ப்யூட்டரில் இரண்டு இலவச மென்பொருள்கள். ஒன்று ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986ல் எழுதத் தொடங்கியது. மற்றொன்று ஓப்பன் ஓசிடி. ஜெர்மனியில் டொமினிக் ராத் என்ற மாணவர் 2005ல் தன் படிப்புக்கான ஆய்வாகத் தொடங்கிய திட்டம் இது. ஜிடிபி பேசும் மொழியை எஸ்டபிள்யூடி சிக்னலாக மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. விஷுவல் ஸ்டுடியோ கோடு மென்பொருளில் பிக்கோவுக்கான எக்ஸ்டென்ஷனை நிறுவினால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

இணைக்கும் முறை

முதலில் இரண்டாவது பிக்கோவை டீபக்கராக மாற்ற வேண்டும். அதிலுள்ள பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பியில் செருகவும். பென் டிரைவ் போல ஒரு டிரைவ் தோன்றும். டீபக் புரோப் ஃபர்ம்வேரில் பிக்கோவுக்கான பைலை அதற்குள் இழுத்துப் போடவும். டிரைவ் மறைந்துவிடும். இனி அது ஒரு டீபக்கர்.

இப்போது ஒயர்கள். சோதிக்கும் பிக்கோவில், யுஎஸ்பி சாக்கெட்டுக்கு எதிர்முனையில் மூன்று துளைகள் தனியாக இருக்கும். நடுவில் இருப்பது கிரவுண்ட். ஒரு பக்கம் கடிகாரம், மறுபக்கம் தகவல். போர்டிலேயே பெயர் அச்சிட்டிருக்கும்.

* முதலில் கிரவுண்டை கிரவுண்டோடு இணைக்கவும்.
* டீபக்கரின் ஜிபி2 காலை, சோதிக்கும் போர்டின் கடிகாரத் துளையில் இணைக்கவும்.
* டீபக்கரின் ஜிபி3 காலை, தகவல் துளையில் இணைக்கவும்.

சோதிக்கும் போர்டுக்கு ஏற்கனவே மின்சாரம் இருந்தால் டீபக்கரிலிருந்து மின் இணைப்பு கொடுக்க வேண்டாம். பிறகு ஓப்பன் ஓசிடியைத் துவக்கவும். இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் சிம்சிஸ் டேப் என்பதையும், டார்கெட் என்ற இடத்தில் ஆர்பி2040 என்பதையும் கொடுக்கவும். இரண்டு கோர்களையும் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வந்தால் இணைப்பு சரி. வராவிட்டால் பெரும்பாலும் கடிகார ஒயரும் தகவல் ஒயரும் இடம் மாறியிருக்கும், அல்லது கிரவுண்ட் விட்டுப்போயிருக்கும். இடையிடையே பிழை வந்தால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

அடுத்து ஜிடிபியைத் திறந்து, உங்கள் புரோகிராமின் எல்ஃப் பைலைக் கொடுத்து, 3333 என்ற போர்ட்டில் இணைக்கவும். போர்டு அப்படியே உறைந்து நிற்கும். இனி நீங்கள் கேட்கலாம்.

எச்சரிக்கை: ஸ்டார்ட்டர் பெட்டியில் மும்முனை மின்சாரம் இருக்கிறது. மெயினை நிறுத்தாமல் அதன் அருகே கை வைக்காதீர்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் செருகாமல் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். ரிலேயின் ஹைவோல்டேஜ் பக்கம் எந்த ஒயரும் தொடக்கூடாது.

நான் செய்த தவறு

முதல் முறை ஹேங் ஆனபோது அப்பா மெயினையே நிறுத்திவிட்டார். தடயம் போயிற்று. இரண்டாவது முறை நான் ஊரில் இருந்தேன். ஓடிப்போய் மூன்று ஒயரையும் இணைத்தேன். பிறகு பழக்க தோஷத்தில், பயிற்சிக் குறிப்புகளில் இருப்பது போல ரீசெட் கட்டளையைத் தட்டிவிட்டேன். போர்டு புதிதாகப் புறப்பட்டு ஜம்மென்று ஓடியது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போதே கதவைத் திறந்துவிட்டு அனுப்பிய கதை!

எனவே இதை நினைவில் வையுங்கள். புது புரோகிராமை ஏற்றிச் சோதிக்கும்போது ரீசெட் வேண்டும். ஹேங் ஆன போர்டை ஆராயும்போது ரீசெட்டும் கூடாது, புரோகிராமை ஏற்றும் லோடு கட்டளையும் கூடாது. வெறுமனே இணைய வேண்டும். விஷுவல் ஸ்டுடியோ கோடு மூலம் செய்பவர்கள் லாஞ்ச் முறையை விட்டு அட்டாச் முறையைத் தேர்ந்தெடுக்கவும்.

இன்னொன்று. போர்டில் ஓடும் அதே புரோகிராமின் எல்ஃப் பைல் உங்களிடம் இருக்க வேண்டும். நடுவில் ஒரு வரியை மாற்றி மறுபடி கம்பைல் செய்திருந்தால் டீபக்கர் தவறான வரியைக் காட்டும். வயலுக்குப் போன ஒவ்வொரு பதிப்பையும் தேதி போட்டுத் தனி ஃபோல்டரில் வைப்பது நல்லது.

மூன்றாவது முறை அகப்பட்டது

"அப்பா, அடுத்த தடவை மோட்டாரை மட்டும் சிவப்பு பட்டன்ல நிறுத்துங்க. பெட்டியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சென்னை திரும்பினேன். பெட்டிக்கு ஒரு சிறிய பேட்டரியும் வைத்தேன், கரண்ட் போனாலும் போர்டு அணையாமல் இருக்க. ஒரு வியாழக்கிழமை அது மீண்டும் ஹேங் ஆனது. சனிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கிணற்றடிக்குப் போனேன். போர்டு அதே நிலையில் இருந்தது.

இணைத்தேன். பேக்டிரேஸ் என்ற கட்டளையைக் கொடுத்தேன். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று வரிசையாகக் காட்டுவது இது. மேல் வரியில் விடை இருந்தது. ஐ2சி வழியாகச் சென்சாரைப் படிக்கும் பிளாக்கிங் வகை ஃபங்ஷனுக்குள் கோர் சுற்றிக்கொண்டிருந்தது. பதில் வரும் வரை காத்திருப்பது அதன் குணம். பதில் வராவிட்டால்? காலம் முழுக்கக் காத்திருக்கும்!

பதில் ஏன் வரவில்லை? மல்டிமீட்டரில் பார்த்தால் ஐ2சி தகவல் ஒயர் பூஜ்ஜியத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரை ஒட்டியே என் ஒயர்கள் போயிருந்தன. ஸ்டார்ட்டர் அடிக்கும்போது எழும் மின் இரைச்சலில் ஏடிசி சிப் ஒரு துடிப்பைத் தவறாக எண்ணி, தகவல் ஒயரைப் பிடித்துக்கொண்டு விட மறுத்திருக்கிறது. மேசைச் சோதனையில் ஸ்டார்ட்டர் ஏது? அதனால்தான் வீட்டில் வரவில்லை.

திருத்தம் நான்கு. பிளாக்கிங் ஃபங்ஷனுக்குப் பதிலாக டைம்அவுட் உள்ள ஃபங்ஷனைப் போட்டேன். பதில் வராவிட்டால் கடிகார ஒயரில் 9 துடிப்பு கொடுத்து ஏடிசியை விடுவிக்கச் செய்தேன். மூன்று முறை தொடர்ந்து தோற்றால் ரிலேயை விட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். கடைசியாக வாட்ச்டாக். புரோகிராம் குறித்த நேரத்துக்குள் குரல் கொடுக்காவிட்டால் சிப்பைத் தானே ரீசெட் செய்யும் காவல்காரன் இது. பிக்கோவில் அதிகபட்சம் சுமார் 8.3 விநாடி வைக்கலாம். நான் 5 விநாடி வைத்தேன். ரீசெட் ஆனால் ரிலே விடும், ஸ்டார்ட்டர் விழும். யாராவது பச்சை பட்டனை அழுத்தினால்தான் மோட்டார் மறுபடி ஓடும். பெட்டியையும் ஸ்டார்ட்டரிலிருந்து தள்ளி மாட்டினேன்.

ஒன்று கவனியுங்கள். முதலிலேயே வாட்ச்டாக் போட்டிருந்தால் மோட்டாருக்கு ஆபத்து வந்திராது. ஆனால் கோளாறு என்னவென்றும் தெரிந்திராது. இரண்டும் வேண்டும்.

அவசியமான ஜிடிபி கட்டளைகள்

* பேக்டிரேஸ்: இப்போது எங்கே இருக்கிறோம், எப்படி வந்தோம் என்று காட்டும்.
* பிரிண்ட்: ஒரு வேரியபிளின் மதிப்பைக் காட்டும்.
* பிரேக்: குறிப்பிட்ட வரி வந்ததும் நிறுத்தும். ஆர்பி2040ல் ஒவ்வொரு கோருக்கும் 4 ஹார்டுவேர் பிரேக் பாயிண்ட் உண்டு.
* வாட்ச்: ஒரு வேரியபிள் மாறியதும் நிறுத்தும். இது கோருக்கு 2.
* நெக்ஸ்ட்: ஒரு வரி மட்டும் ஓட்டும்.
* கண்டினியூ: தொடர்ந்து ஓடவிடும்.

பிக்கோவோடு நிற்பதில்லை

இதைக் கற்றுக்கொண்டால் வேறு போர்டுகளிலும் உதவும். சென்னை ஐஐடியில் உருவான சக்தி பிராசசரை ஆர்ட்டி ஏ7 எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றிப் பழகுபவர்களும் இதே ஓப்பன் ஓசிடி, இதே ஜிடிபியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே எஸ்டபிள்யூடிக்குப் பதில் ஜேடேக். கட்டளைகள் மாறுவதில்லை.

வீட்டில் பழக ஒரு எளிய வழி சொல்கிறேன். எல்இடி மின்னும் புரோகிராமில் வேண்டுமென்றே எங்காவது ஒரு முடிவில்லாத லூப்பைப் போடுங்கள். ஹேங் ஆனதும் ரீசெட் செய்யாமல் இணைந்து, பேக்டிரேஸ் கொடுத்து அந்த வரியைக் கண்டுபிடியுங்கள். ஒருமுறை செய்துவிட்டால் பயம் போய்விடும்.

எங்கள் பெட்டி அதற்குப் பிறகு ஹேங் ஆகவில்லை. ஆனாலும் அந்த மூன்று ஒயரையும் டீபக்கர் பிக்கோவையும் ஒரு டப்பாவில் போட்டு மோட்டார் ரூமிலேயே வைத்திருக்கிறேன். டப்பாவின் மேல் அப்பா தன் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறார்: "பெட்டி நின்றால் கரண்டை நிறுத்தாதே, தம்பிக்குப் போன் செய்."