குவீன்ஸ்டவுனுக்கு எத்தனை டிகிரி? முன்னறிவிப்பில் நாம் கவனிக்கத் தவறும் இரவு வெப்பம்

சிங்கப்பூரின் மழை முன்னறிவிப்பு மிக நுணுக்கமானது. அடுத்த 2 மணி நேரத்துக்கான முன்னறிவிப்பைத் திறந்தால் குவீன்ஸ்டவுன் தனி, புக்கிட் மேரா தனி, கிளமெண்டி தனி. ஒரு வட்டாரத்தில் இடியுடன் மழை, பக்கத்து வட்டாரத்தில் மேகமூட்டம் மட்டும் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது. வெப்பம் என்று வரும்போது அந்த நுணுக்கம் காணாமல் போகிறது. 24 மணி நேர முன்னறிவிப்பில் தீவு முழுவதற்கும் ஒரே வெப்பநிலை வரம்புதான்: ஆகக் குறைவு இவ்வளவு, ஆக அதிகம் இவ்வளவு. அந்த இரண்டு எண்களிலும் பெரும்பாலோர் பார்ப்பது பெரியதை மட்டுமே. 33 என்றால் வழக்கம்போல, 35 என்றால் கொஞ்சம் கடுமை என்று முடிவு செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். ஆனால் மூத்தோர் அதிகம் வாழும் குவீன்ஸ்டவுன் போன்ற ஒரு நகருக்குப் பகல் உச்சம் சொல்வது பாதிச் செய்திதான். காற்றின் ஈரப்பதமும் இரவின் ஆகக் குறைந்த வெப்பநிலையும் சேர்ந்தால்தான் ஆபத்தின் அளவு புரியும். அது புரிந்த பிறகும், யார் என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தால்தான் முன்னறிவிப்பால் ஓர் உயிராவது பிழைக்கும்.

வெப்ப அலைக்குச் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் வைத்திருக்கும் அளவுகோல் தெளிவானது. தொடர்ந்து 3 நாள்களுக்கு அன்றாட உச்ச வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியசைத் தொட வேண்டும். அந்த நாள்களின் சராசரி வெப்பநிலையும் 29 டிகிரிக்குக் குறையக் கூடாது. 2016 ஏப்ரலில் அப்படியொரு வெப்ப அலை இங்கு வீசியது. தீவில் இதுவரை பதிவான ஆக அதிக வெப்பநிலை 37 டிகிரி. 1983 ஏப்ரல் 17ஆம் தேதி தெங்காவில் பதிவான அந்த உச்சத்தை, 40 ஆண்டுகள் கழித்து 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோ மீண்டும் எட்டியது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த எண்கள் சாதாரணமாகத் தோன்றலாம். சென்னை 2003 மே 31ஆம் தேதி 45 டிகிரியைக் கண்ட ஊர். இந்திய வானிலை ஆய்வுத் துறை, சமவெளிகளில் 40 டிகிரியையும் கடலோரங்களில் 37 டிகிரியையும் எட்டாத வெயிலை வெப்ப அலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கத்திரி வெயிலில் வளர்ந்தவர்களுக்குச் சிங்கப்பூரின் 34 டிகிரி ஒரு பொருட்டா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. பதில் உடலியலில் இருக்கிறது.

மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளப் பெரிதும் நம்பியிருப்பது வியர்வையை. வியர்ப்பது மட்டும் போதாது, வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும்; வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், உடல் குளிராது. இதைக் கணக்கிடத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற அளவு இருக்கிறது. வேலூரில் 40 டிகிரி வெயிலடிக்கும் ஒரு பிற்பகலில் ஈரப்பதம் 25 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரி. சிங்கப்பூரில் 33 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் அது 28 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. வெப்பமானி காட்டும் எண் 7 டிகிரி குறைவு. வியர்வை ஆவியாவதற்கான வாய்ப்போ இங்குதான் குறைவு. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால் மனித உடலால் நெடுநேரம் தாங்க முடியாது என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கணித்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான இளையர்களை வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு, ஈரப்பதம் மிகுந்த சூழலில் அந்த எல்லை 31 டிகிரி வாக்கிலேயே வந்துவிடுகிறது என்றது. இளையர்களுக்கே அவ்வளவுதான் என்றால், 75 வயதில் இதய நோய்க்கு மருந்து உட்கொள்பவருக்கு எல்லை இன்னும் கீழேதான் இருக்கும்.

இதை உணர்ந்துதான் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2023 ஜூலையில் வெப்ப அழுத்த ஆலோசனை முறையைக் கொண்டுவந்தது. அது வெறும் காற்றின் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. இயற்கையான ஈரக்குமிழ் வெப்பநிலையில் 70 விழுக்காடு, நேர்வெயிலை உள்வாங்கும் கறுப்புக் கோளத்தின் வெப்பநிலையில் 20 விழுக்காடு, காற்றின் வெப்பநிலையில் 10 விழுக்காடு ஆகிய மூன்றையும் கூட்டி ஓர் எண்ணைத் தருகிறது. அது 31க்குக் கீழே என்றால் அபாயம் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காற்று 33 டிகிரி, ஈரக்குமிழ் 27, வெயிலில் காயும் கோளம் 45 என்றால் கூட்டுத்தொகை 31.2, அதாவது மிதமான அபாயம். அதே நேரத்தில் ஒரு மேகம் சூரியனை மறைத்துக் கோளம் 36க்கு இறங்கினால் கூட்டுத்தொகை 29.4, அதாவது குறைந்த அபாயம். இரு வேளையிலும் கைப்பேசியில் தெரியும் வெப்பநிலை 33தான். காமன்வெல்த் டிரைவில் மரநிழலில் நடப்பவருக்கும், திறந்த வாகன நிறுத்துமிடத்தின் குறுக்கே நடப்பவருக்கும் அந்த ஒற்றை எண் ஒரே செய்தியைச் சொல்லிப் பயனில்லை.

இரவுக்கு ஏன் தனிக் கவனம்?

பகலில் ஏறிய உடல்சூடு இரவில் தணிய வேண்டும். இதயத் துடிப்பு இறங்கி, இழந்த நீர் ஈடாகி, உறக்கம் வர வேண்டும். இரவும் சூடாகவே கழிந்தால் அடுத்த நாள் பாரம் முந்தைய நாளின் மேல் ஏறி உட்காருகிறது. உலகின் பெரிய வெப்ப அலைகள் காட்டிய உண்மை இது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலையால் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் இறந்த 700க்கும் மேற்பட்டவர்களில் பலர், அடைத்த வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்காத நிலையில் தனியாக இறந்தவர்கள். வெப்பம் கொல்லும் இடம் வெயில் கொளுத்தும் தெரு மட்டுமல்ல. தனியாக வாழும் மூத்தவரின் படுக்கையறையும்தான்.

சிங்கப்பூரில் இரவைச் சூடாக்குபவை இரண்டு. முதலாவது கடல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்காற்று வெதுவெதுப்பான ஈரக்காற்றைத் தீவின் தெற்குக்கும் கிழக்குக்கும் கொண்டுவருகிறது. சில இரவுகளில் வெப்பநிலை 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. இரண்டாவது நாம் கட்டியவை. பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் சுவரும் தார்ச்சாலையும் இரவில்தான் அந்தச் சூட்டை வெளிவிடுகின்றன. கட்டடங்கள் நெருங்கிய மத்தியப் பகுதிக்கும் மரங்கள் அடர்ந்த புறப்பகுதிக்கும் இடையே இரவில் அதிகபட்சமாக 7 டிகிரி வரை வேறுபாடு இருப்பதை இங்கு நடந்த ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஒரே இரவில், ஒரே தீவில் இத்தனை வேறுபாடு இருக்கும்போது முழுத் தீவுக்கும் ஓர் எண் என்பது குவீன்ஸ்டவுன்வாசிக்கு அவருடைய அறையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

குவீன்ஸ்டவுனுக்குள்ளேயே நிலைமை ஒரே சீராக இல்லை. சிங்கப்பூரின் முதல் துணை நகரம் இது. 1953இல் எலிசபெத் அரசியார் முடிசூட்டிக்கொண்டதையொட்டிப் பெயர் பெற்று, சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதியால் தொடங்கப்பட்டு, 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தால் முழுமை பெற்றது. அக்காலத்துத் தாழ்வான புளோக்குகள் இடம்விட்டுக் கட்டப்பட்டவை. இடையில் வளர்ந்த மரங்களுக்கு வயது அரை நூற்றாண்டுக்கும் மேல். 2011இல் மலாயன் ரயில் சேவை நின்ற பிறகு, பழைய தண்டவாளப் பாதை பசுமைத் தடமாக நகரை ஒட்டி நீள்கிறது. மறுபக்கம் டாசன் வட்டாரத்தில் 40 மாடிகளைத் தாண்டிய புளோக்குகள் எழுந்துள்ளன. உயரத்தில் காற்றோட்டம் கிடைக்கும் வீடும், பிற்பகல் முழுவதும் மேற்கு வெயில் படும் சுவரை ஒட்டிய வீடும் ஒன்றல்ல. நகரின் முதல் தலைமுறை இங்கேயே மூப்படைந்துவிட்டது. அதனால்தான் 2021இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் குழுமமும் சேர்ந்து, மூத்தோர் நலமாக வாழ வழிகாணும் சுகாதார வட்டாரமாகக் குவீன்ஸ்டவுனைத் தேர்ந்தெடுத்தன. மூப்பில் தாகவுணர்வு மங்கும், வியர்வை குறையும். சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளும் சில இரத்த அழுத்த மருந்துகளும் வெப்பத்தைச் சமாளிக்கும் ஆற்றலை மேலும் குறைக்கும். இந்த நகரைவிட வெப்ப முன்னறிவிப்பை உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய நகர்கள் தீவில் அதிகம் இல்லை.

எழும் மறுப்புகள்

நமக்கு இந்த வெப்பம் பழகிப்போனதுதானே என்பது முதல் மறுப்பு. உடல் வெப்பத்துக்குப் பழகும் என்பது மறுக்க முடியாத உண்மை. புதிதாக வரும் ஊழியர்கள் குறைந்தது 7 நாள்கள் படிப்படியாக வெயில் வேலைக்குப் பழக வேண்டும் என்று மனிதவள அமைச்சு சொல்வதும் அதனால்தான். ஆனால் அந்தப் பழக்கம் வெப்பத்தில் தொடர்ந்து உழைக்கும் உடலுக்கு வருவது. வீட்டோடு இருக்கும் மூத்தவருக்கு அப்படியே வந்துவிடாது. அதோடு நாம் பழகிய வானிலையே மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வின்படி, 35 டிகிரியைத் தாண்டும் கடும் வெப்ப நாள்கள் இதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 21.4. உலகம் எவ்வளவு கரியமிலவாயுவை வெளியிடுகிறது என்பதைப் பொறுத்து, நூற்றாண்டு இறுதிக்குள் அது 41 முதல் 351 வரை உயரக்கூடும். நேற்றைய வெப்பத்துக்குப் பழகிய உடலுக்கு நாளைய வெப்பத்திடமிருந்து உத்தரவாதம் கிடையாது.

குளிரூட்டி இருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. குளிரூட்டி உயிர் காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. கடும் வெப்ப நாளில் மூத்தவர்கள் மின்கட்டணத்துக்கு அஞ்சி அதை அணைத்து வைக்கவே கூடாது. ஆயினும் எல்லா வாடகை வீடுகளிலும் அது இருக்காது. இருந்தாலும் சிக்கனத்தில் ஊறிய தலைமுறை எளிதில் பொத்தானைத் தட்டாது. ஒரு வீட்டிலிருந்து இறைக்கப்படும் சூடு வெளியே போய்ப் பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாகவும் நுழைகிறது. எந்த இரவில் போட வேண்டும், எந்த இரவில் மின்விசிறியும் ஈரத்துணியும் போதும் என்று முடிவெடுக்கவே இரவு வெப்பநிலை முன்னறிவிப்பு தேவைப்படுகிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவில் ஒவ்வொரு மேகத்தையும் கணித்து, நகர்வாரியாக வெப்ப அழுத்தத்தைச் சொல்ல முடியுமா? மணிக்கணக்கில் துல்லியமாகச் சொல்வது கடினம்தான். ஏப்ரல், மே மாதங்களில் காற்று மெலிந்து, சூரியன் உச்சியை ஒட்டி நிற்கும்போது, பிற்பகல் இடிமழை ஒன்று வந்தால் உச்ச வெப்பநிலை சரிந்துவிடும்; வராவிட்டால் ஏறிவிடும். இரவு வெப்பநிலை அப்படி மேகத்துக்கு மேகம் தாவுவதில்லை. அதை முடிவு செய்வது காற்றின் திசையும் கடலின் சூடும் கட்டடங்களின் அடர்த்தியும். இவை நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மாறுபவை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் வானிலைக் கண்ணோட்டத்தில் வெப்பமான இரவுகளைப் பற்றி ஆய்வகம் முன்கூட்டியே சொல்வதும் உண்டு. அந்தச் செய்தியை 24 மணி நேர முன்னறிவிப்புக்கும் வட்டார அளவுக்கும் கொண்டுவருவது எட்டாத ஒன்றல்ல.

அடிக்கடி எச்சரித்தால் மக்கள் செவிசாய்க்க மாட்டார்கள் என்பது கடைசி மறுப்பு. எச்சரிக்கையோடு செயல் சேராதபோது அப்படித்தான் ஆகும். செயல் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். வெளியில் கடின உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதி வகுத்தது: வெப்ப அழுத்த எண் 32ஐத் தொட்டால் மணிக்கு 10 நிமிட ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிட ஓய்வு. இங்கு எண் ஒரு தகவலாக நின்றுவிடவில்லை; மேற்பார்வையாளர் வேலையை நிறுத்த வேண்டிய கட்டளையாகிவிட்டது. 2010இல் கொடிய வெப்ப அலையைக் கண்ட அகமதாபாத், 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து, எந்த வெப்பநிலையில் மருத்துவமனை என்ன செய்ய வேண்டும், மாநகராட்சி என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தது. ஆண்டுக்குச் சராசரியாக 1,000க்கும் அதிகமான மரணங்களை அது தவிர்த்ததாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. சிகாகோவும் 1995இல் கற்ற பாடத்தை மறக்கவில்லை. 1999இல் மீண்டும் வெப்ப அலை வந்தபோது நகர ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று முதியோரைப் பார்த்தார்கள். உயிரிழப்பு பெரிதும் குறைந்தது.

கட்டுமானத் தளத்தில் வெயிலில் நிற்பவருக்கு எண்ணும் செயலும் சேர்ந்த விதி வந்துவிட்டது. தங்ளின் ஹால்ட்டிலோ மெய் லிங் தெருவிலோ தனியாக வாழும் மூத்தவருக்கு அதற்கு இணையான ஏற்பாடு வேண்டும். வெப்பமான இரவு என்பதற்கு மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு 26.3 டிகிரி என்ற எல்லையைப் பயன்படுத்துகிறது. கடும் வெப்ப நாள்கள் தொடரும்போது இரவும் அந்த எல்லைக்கு வெகு மேலே நிற்கும் என்று தெரிந்தால், வட்டாரத் தொண்டூழியர்கள் தனித்து வாழும் மூத்தோரின் கதவைத் தட்ட வேண்டும். குளிரூட்டிய சமூக மன்ற அறை இரவிலும் திறந்திருக்க வேண்டும். மருந்துகளைப் பற்றி மருந்தாளரோ மருந்தகத் தாதியோ விசாரிக்க வேண்டும். சுகாதார வட்டாரமாக ஏற்கெனவே இயங்கும் குவீன்ஸ்டவுனைவிட இதைத் தொடங்க ஏற்ற இடம் வேறில்லை. அரசாங்க ஏற்பாடு வரும்வரை குடும்பங்கள் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை முன்னறிவிப்பைப் பார்க்கும்போது பெரிய எண்ணோடு நிறுத்திவிடாமல் சின்ன எண்ணையும் பாருங்கள். அது 28ஐ நெருங்கினால், தனியாக இருக்கும் உங்கள் அம்மாவுக்கோ அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கோ அன்றிரவு படுக்கப்போகும் முன் ஒரு முறையும் மறுநாள் காலையில் ஒரு முறையும் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.