ஒற்றைக்குட்டியும் அவிந்த கொப்புளங்களும்

பாலக்காடு ஜில்லாவில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய அட்டப்பாடி மலைகளில் இருளரும் முடுகரும் குறும்பரும் வழிவழியாக வளர்த்துவரும் ஆடு கன்னங்கரிய நிறத்தது. அதையும் வெள்ளாடு என்றே அழைக்கத் தயங்காத பாஷை நம்முடையது. அந்த ஆடு ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டி போட, வடகேரளத்து மலபாரி ஆடு சர்வசாதாரணமாக இரட்டைக்குட்டி ஈனுவது ஏனென்று விசாரிக்கப் புகுந்தால், ஜனனத்தைப் பற்றிய விசாரணை விரைவிலேயே மரணத்தைப் பற்றியதாகிவிடுகிறது.

சினைப்பையில் முட்டைக்குப் பஞ்சம் கிடையாது. மனுஷ ஸ்திரீயை எடுத்துக்கொண்டாலும், பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருந்த முட்டைகள் பூப்படையும் வயதில் 3, 4 லட்சமாகக் குறைந்து, ஆயுள் முழுவதிலும் 400, 500 மட்டுமே முதிர்ந்து வெளிவருகின்றன. ஆட்டின் 21 நாள் பருவச் சுற்றிலும் இதே கதைதான்: முட்டையைப் பொதிந்த நீர்க்கொப்புளங்கள் அலையலையாகக் கிளம்பி வளர, ஒன்றோ இரண்டோ உடைந்து முட்டையை விடுகின்றன, மற்றவை அவிந்துபோகின்றன.

அப்படி அவியும் கொப்புளம் ஒன்றை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தால், உட்சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த ஜீவ அணுக்கள் சுருங்கிக் கழன்று, அவற்றின் உட்கரு கடுகைத் தூவினாற்போல் கரும்புள்ளிகளாகச் சிதறிக் கிடப்பது தெரியும். வீக்கமில்லை, சீழில்லை, 1972-ல் கெர், வைலி, கர்ரி என்ற மூவர், இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்ட மரணம் இது.

இதன் சூத்திரக்கயிறு சில புரதங்களின் பிடியில் இருக்கிறது. பாக்ஸ், பாக் என்னும் புரதங்கள் அணுவின் சக்திக்கூடமாகிய மைட்டோகாண்ட்ரியாவைத் துளைத்துவிட்டால், உள்ளிருந்து கசியும் சைட்டோக்ரோம்-சி, காஸ்பேஸ் என்னும் கத்தரி நொதிகளைத் தட்டியெழுப்பிவிடும். அவ்வாறு துளைக்கவிடாமல் அவற்றைக் கட்டிப்பிடித்து நிற்பவை பிசிஎல்-2, எம்சிஎல்-1 முதலிய காவல் புரதங்கள். காவலனை வேறொரு புரதம் வந்து பற்றிக்கொண்டால் கைதி தப்பிவிடுகிறான். பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் போதிய அளவு எட்டிய கொப்புளத்தில் காவல் வலுக்கிறது. மலபாரி ஆட்டின் இரண்டாவது குட்டி, முதற்படியில், இப்படிப் பிழைத்த இரண்டாவது கொப்புளமே.

1997-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எம்சிஎல்-1 என்னும் காவலனையே தூண்டிலிரையாக வைத்து எலியின் சினைப்பைப் புரதங்களிடையே தேடி, அதைப் பற்றிக்கொள்ளும் புதிய புரதம் ஒன்றைக் கண்டெடுத்து, 'சினைப்பைக் கொலையாளி' என்று பொருள்படும்படி 'போக்' எனப் பெயர் சூட்டினார்கள். சற்று அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் புரதத்தை அடியோடு நீக்கிய சுண்டெலிகள் பின்னாளில் யாதொரு குறையுமின்றி வளர்ந்து குட்டி போட்டன.